உரையாடல் தளங்களில் பயனர்பெயர்: மதுரைப் பெயர் மரபு காட்டும் நெறி

பெயர் என்பது பொருளைச் சுட்ட எழுந்த குறி. ஒரு பெயர் ஒருவரையே சுட்டுமிடத்து மயக்கம் இல்லை. பலரைச் சுட்டுமிடத்து, இன்னார் என்று தெளிவதற்குப் பிறிதொரு கருவி வேண்டப்படும். இணையத்தின் வழியாக மக்கள் ஒருவரோடொருவர் எழுத்தால் உரையாடும் தளங்கள் பெருகியுள்ள இந்நாளில் இப்பழஞ்சிக்கல் புதுவடிவில் எழுந்துள்ளது. எண்ணிறந்தோர் கூடும் ஒரு தளத்தில் ஒவ்வொருவர்க்கும் பிறர்க்கில்லாத பயனர்பெயர் வேண்டுமா? வேண்டுமெனின் அதனை யாங்ஙனம் அமைத்தல் தகும்? இவ்வினாக்கள் கணினி வல்லுநர்க்கே உரியன என்று தமிழாய்வோர் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறியும் வழிகளை மதுரையும் அதனைச் சூழ்ந்த நிலமும் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கண்டிருந்தன. அவற்றின் திறத்தையும் குறையையும் ஆராய்ந்து, இன்றைய தளங்கள் மேற்கொள்ளத்தக்க நெறிகளை ஈண்டு வகுத்துரைப்போம்.

கல்லிலும் ஏட்டிலும் பெயர்

மதுரைக்கு வடக்கேயுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு உறைந்த துறவியர்க்குக் கொடை அளித்தோரின் பெயர்களை அவை தருகின்றன. உப்பு வாணிகன், பாணித வாணிகன், கொழு வாணிகன், அறுவை வாணிகன் எனத் தொழிலைச் சுட்டும் அடைகளோடு அப்பெயர்கள் நிற்கின்றன. அவருள் ஒருவர் மதுரைப் பொன்கொல்லன் ஆதன் ஆதன். தந்தையும் மகனும் ஆதன் என்னும் ஒரே பெயரினர் என இதனைக் கொள்ளின், ஊர், தொழில், தந்தை பெயர், இயற்பெயர் ஆகிய நான்கும் ஒரு தொடரில் அமைந்தமை விளங்கும். ஆதன் என்பது அந்நாளில் பெருவழக்குப் பெற்ற பெயர். கீழடியில் கிடைத்த பானையோடுகளிலும் அது காணப்படுகின்றது. வழக்கு மிக்க பெயர்க்கு அடையும் மிகுதியாக வேண்டப்பட்டது போலும்.

சங்கப் புலவர் பெயர்களிலும் இம்முறையே காணப்படும். சங்கப் புலவர் 473 பேர் எனப் பொதுவாகக் கணக்கிடுவர். அவருள் சாத்தன் என்னும் பெயருடையார் பலர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார் என அவர்கள் வேறுபடுத்தப்பெற்றனர். நாகன் என்னும் பெயரும் மதுரை மருதன் இளநாகனார், மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் என அடைபெற்று வரும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் பெயர், அழகர்மலைக் கல்வெட்டின் அமைப்பையே ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

இம்மரபில் மூன்று இயல்புகள் புலனாகின்றன. முதலாவது, இயற்பெயர் சிதைவதில்லை. சாத்தன் சாத்தனாகவே நிற்பான். இரண்டாவது, அடை பொருளுடையது. கேட்டோர் நினைவில் நிற்பது. மூன்றாவது, அடை வேண்டுமிடத்தே வரும். கபிலர் என்றாலே அமையும். மற்றொரு கபிலரைச் சுட்ட வேண்டியபோது தொல்கபிலர் எனல் வேண்டிற்று.

மரபின் இரு குறைகள்

எனினும் இம்மரபு குறையற்றதன்று. ஒருவர்க்குப் பல குறிகள் அமைதல் ஒரு குறை. நக்கீரர் எனவும், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனவும் ஏடுகள் குறிக்குமிடங்களில் இருவரோ ஒருவரோ என்னும் ஐயம் எழும். 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்பில் பாடல்களைப் புலவர் வாரியாக முறைப்படுத்திய பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை இத்தகைய ஐயங்களைப் பெயர்தோறும் எதிர்கொள்ள வேண்டியவரானார்.

பலர்க்கு ஒரு குறி அமைதல் மற்றொரு குறை, இதுவே பெரிது. சங்ககால ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் காலத்தால் பெரிதும் வேறுபட்டோர். ஆயினும் பெயரொற்றுமையால் மக்கள் அவர்களை ஒருவராகவே கருதினர். ஒருவர் வரலாறு மற்றவர் வரலாற்றோடு கலந்தது. பெயர் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்லுமிடத்துப் புகழும் பழியும் உடன் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தளங்கள் கண்ட வழிகள்

இனி, உரையாடல் தளங்களின் வரலாற்றை நோக்குவோம். 1988-இல் பின்லாந்து நாட்டின் ஔலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினன் தோற்றுவித்த ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையில் பெயர், அதனைக் கொண்டவர் இணைப்பில் இருக்கும் வரையே அவர்க்கு உரியது. 1993-இல் வெளியான அதன் நெறியேடு பெயர்க்கு ஒன்பது எழுத்துகளை வரம்பாக விதித்தது. துண்டுபட்ட வலையமைப்பு மீண்டும் இணையும்போது இருவர் ஒரே பெயரோடு நிற்பின் இருவரையுமே நீக்குதல் அம்முறையின் தீர்வு.

டிஸ்கார்டு என்னும் தளம், ஒரே பெயரைப் பலர் கொள்ள இசைந்து, ஒவ்வொரு பெயரின் பின்னும் நான்கு இலக்க எண்ணைச் சேர்த்தது. இயற்பெயர் சிதையாமை இதன் சிறப்பு; அடை பொருளற்ற எண்ணாகையால் நினைவில் நில்லாமை இதன் குறை. 2023-இல் அத்தளம் இம்முறையைக் கைவிட்டு, ஒவ்வொருவர்க்கும் தனித்த பயனர்பெயரும், யாவரும் விரும்பியவாறு அமைத்துக்கொள்ளும் காட்சிப்பெயரும் என இருவகையாகப் பிரித்தது. பிரிவு நன்றே. ஆயின் தனித்த பெயர் உரோம எழுத்தாலும் எண்ணாலும் சில குறிகளாலும் மட்டுமே அமைதல் வேண்டும் என்றாயிற்று. டெலிகிராம் தளத்தின் பயனர்பெயரும் அத்தகையதே.

தமிழ்ப் பெயரும் உரோம எழுத்தும்

இக்கட்டுப்பாடு தமிழர்க்கு விளைக்கும் இடர் சிறிதன்று. லகரமும் ளகரமும் உரோமத்தில் ஒரே எழுத்தால் எழுதப்படுதலின் வல்லியும் வள்ளியும் ஒரு பெயர்க்குப் போட்டியிடுவர். மறுதலையாக, பாண்டியர் பெயராகிய செழியன் என்பதை ழகரத்தின் பொருட்டு மூவகையாக எழுதுவர். ஒரு பெயர் மூன்று பயனர்பெயர்களாகப் பிரியும். உண்மைச் செழியன் ஒன்றைக் கொள்ள, ஏமாற்ற விழைவோன் மற்றொன்றைக் கொள்ளலாம். தந்தையின் தந்தை பெயரைச் சூட்டுதலால் பெயரன் என்னும் சொல்லே பிறந்த நாட்டில், முன் வந்தோர்க்கே பெயர் என்னும் விதியும் பின் வந்தோரைப் பொருளற்ற எண்களிடம் ஒப்படைக்கும்.

அங்ஙனமாயின் தமிழ் எழுத்தை இசைதல் மட்டும் போதுமா? போதாது. ஒரே வடிவம் இருவேறு குறியீட்டுத் தொடர்களால் அமைதல் உண்டு. கொகரத்தின் உயிர்க்குறியை ஒன்றாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். யூனிகோடு இவ்விரண்டையும் நிகராகக் கொள்ளுதலின் இயல்பாக்க முறையால் இவை ஒன்றாகிவிடும். ஆனால் ஔவை என்பதன் முதலெழுத்தை ஔகாரத்தால் எழுதாது, ஒகரத்தின் பின் ளகரம் இட்டு எழுதின், கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் நிற்கும். இயல்பாக்கம் இதனைத் தீர்க்காது. தமிழெண் ௧ ககரத்தையும், ௭ எகரத்தையும் ஒத்துத் தோன்றுவதும் இவ்வகையினதே. பிற எழுத்துகளில் அமையும் பயனர்பெயர்களை ஒப்பிடும் முறையை 2017-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8265 என்னும் நெறியேடு வகுத்துள்ளது. மயங்கும் வடிவங்களைக் கண்டறியும் முறையை யூனிகோடு அமைப்பும் தந்துள்ளது. ஆதலின் தமிழ் எழுத்தை விலக்குதற்குத் தொழில்நுட்ப அருமையைக் காரணம் காட்டுதல் ஏற்புடைத்தன்று.

கைவிட்ட பெயர்

கைவிடப்பட்ட பெயரைப் பிறர்க்கு அளிக்கலாமோ என்பது எஞ்சிய வினா. 2013-இல் யாகூ நிறுவனம் நெடுநாள் பயன்படாத முகவரிப் பெயர்களைப் புதியோர்க்கு வழங்கியது. முன்னவர்க்கு உரிய மடல்கள் சில பின்னவர் கைக்குச் சென்றன. ஔவையார் பெயரில் இலக்கிய வரலாறு கண்ட கலப்பு, இங்கு மறைவாய்க் காக்கப்பட வேண்டிய செய்திகளின் கலப்பாயிற்று. பழம்பெயர்களை அடைத்து வைப்பின் புதியோர்க்குப் பெயர் அருகும் என்பர். அடையைச் சேர்க்க இடந்தரும் மரபில் பெயர்க்கு அருமை இல்லையாதலின் அவ்வச்சம் நிலைபெறாது.

நெறிகள்

மேற்கூறியவற்றால் ஐந்து நெறிகள் பெறப்படும். முதலாவது, ஒவ்வொரு பயனர்க்கும் மாறாத உள்ளெண் ஒன்று தளத்தில் இருத்தல் வேண்டும். பெயரை மாற்றினும் ஆள் மாறாமைக்கு அதுவே சான்று. இரண்டாவது, காட்சிப்பெயர் எவ்வெழுத்திலும் அமையலாம். அது பலர்க்குப் பொதுவாதலில் தவறில்லை. மூன்றாவது, தனித்த பயனர்பெயர் இயற்பெயரும் அடையுமாக, தமிழ் எழுத்திலும் அமைதற்கு இடந்தரல் வேண்டும். மயங்கும் வடிவங்கள் பதிவின்போதே தடுக்கப்படல் வேண்டும். நான்காவது, அடையைத் தளம் சுமத்தலாகாது. செம்புலப்பெயனீரார் போன்ற பெயர்கள் இயற்பெயர் அறியப்படாமையால் பாடற்றொடர் கொண்டு பிறர் இட்டவை. இன்றோ பெயர்க்கு உரியவர் கண்முன் உள்ளார். ஊரையும் தொழிலையும் வெளியிடுதல் சிலர்க்கு, சிறப்பாகப் பெண்டிர்க்கு, தீங்கு பயத்தலும் கூடும். சாதியைக் காட்டும் அடையை ஒருவர்மேல் ஏற்றுதல் எவ்வாற்றானும் தகாது. ஆதலின் அடையைத் தெரிவு செய்தல் பயனரின் உரிமையே. ஐந்தாவது, ஒருவர் கொண்ட தனித்த பெயரை அவர் நீங்கிய பின்னும் பிறர்க்கு அளித்தலாகாது.

இவற்றுள் ஒன்றனை விடுக்க நேரினும் ஐந்தாவதனை விடுதல் கூடாது என்பது எம் கருத்து. ஏனைய பிழைகளால் பெயர் நீளும், அல்லது மறக்கப்படும். ஐந்தாவதன் பிழையால் ஒருவர் மற்றொருவராகவே கொள்ளப்படுவர். குகையில் கொடையளித்த பொன்கொல்லர், ஆதன்கள் பலருள்ளும் தம் கொடை தம்மதாகவே அறியப்படுமாறு நான்கு சொற்களைக் கல்லிற் பொறிப்பித்தார். உரையாடல் தளத்தில் எழுதுவார்க்கும் தம் சொல் தம்மதாகவே அறியப்படும் உரிமை உண்டு. அதனைக் காத்தலே பெயரமைப்பின் பயன் என்க.