தங்கையை ஏற்ற தமையன்

சென்னைச் சேரி ஒன்றில் தங்கம் என்ற ஏழைத் தாய் இருந்தாள். அவள் மகன் சிட்டி. கிளி ஜோசியன் மாணிக்கத்தோடு அவள் வாழத் தொடங்கினாள். மகனுக்கு வந்தது ஆத்திரம்! தாயையே வெறுத்தான்.

பெண் குழந்தை ஒன்றைப் பெற்றுவிட்டுத் தாய் கண்ணை மூடினாள். அந்தக் குழந்தையைச் சிட்டி என்ன செய்தான்? தன் தங்கையாக ஏற்றுக்கொண்டான்!

இது "உன்னைப்போல் ஒருவன்" படத்தின் கதை. ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே படமாக்கினார். படம் 1965-ல் வெளிவந்தது. பெரிய நட்சத்திரங்கள் இல்லை, ஆடம்பரம் இல்லை. ஆனாலும், இந்தியாவின் மூன்றாவது சிறந்த படம் என்று மத்திய அரசு நற்சான்றிதழ் வழங்கியது.

தாயாக நடித்தவர், மதுரைக்குப் பக்கத்து மானாமதுரையில் பிறந்த காந்திமதி. 1977-ல் "16 வயதினிலே" படத்தில் குருவம்மாளாக வந்தவரும் இவரே.

இன்று அந்தப் படம் காணக் கிடைப்பதே அரிது. சேரிப் பையனும் உன்னைப்போல் ஒருவன்தான் என்று சொன்ன படம் மறைந்து போகலாமா?