காசுப்பையும் குழந்தைச் சட்டையும்

வடமராட்சியிலுள்ள கரவெட்டி போன்ற ஊர்களிலே, முதியோர் காசையும் வெற்றிலையையும் பனையோலைக் கொட்டைப்பெட்டியில் வைத்து மடியிற் செருகிக்கொள்வது முன்னாள் வழக்கம். அப்பயனையே தரும் துணிக் காசுப்பையை, வீட்டில் எஞ்சும் துண்டுகளைக்கொண்டே தைக்கலாம்.

புதுப் பருத்தித்துணி சுருங்கும் இயல்புடையதாதலின், முதலில் நனைத்து உலர்த்துக. நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே நோக்குமாறு வைத்து, மூன்று ஓரங்களையும் தைத்துப் புரட்டினாற் பை உருவாகும். வாய்க்கு நாடாவோ தெறியோ வைக்கலாம்.

ஆனால், முப்பத்தோராம் நாள் துடக்குக்கழிவுக்குக் கொண்டுசெல்லும் குழந்தைச் சட்டைக்கு அவை ஆகா. கழன்ற தெறி குழந்தையின் வாயிற் புகுந்து மூச்சை அடைக்கும். கழுத்து நாடா இறுகினால் உயிருக்கே ஊறு நேரும். ஆகவே, தலை எளிதில் நுழையுமாறு கழுத்தை அகலமாக வெட்டுக. தையல் விளிம்பு வெளிப்புறம் அமையட்டும். உட்புறம் அமையின் மென்தோலை உராயும். பலமுறை வெளுத்த பழைய வேட்டித்துணி, பட்டினும் இதற்கு உகந்தது. நம் பாட்டிமார் பச்சைக்குழந்தையைப் பழந்துணியிற் கிடத்தியதும் இம்மென்மை கருதியே.

2009இல் போர் முடிந்தபின், வடக்கிலே குடும்பச்சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலர். அவர்கள் விலைக்குத் தைக்கும்போது, துணியின் விலையோடு உழைத்த நேரத்தையும் கூட்டியே விலை கூறுதல் வேண்டும். வாங்குவோரும் அதனை மறவாதிருத்தல் நன்று.