வண்டியை வாங்குமுன் ஓட்டிப் பார்த்தல்

கல்லடியில் பழைய மோட்டார் வண்டி ஒன்றுக்கு விலைபேசும் ஒருவர், அதனைத் தாமே ஓட்டிப் பார்க்க விரும்புவது இயல்பே. 1924இல் அமைந்த பழைய பாலத்தின் அருகே 2013இல் திறக்கப்பெற்ற புதிய பாலத்தின் வழியாக வாவியைக் கடந்து, மட்டக்களப்பு நகர்வரை சென்று மீளச் சில நிமிடங்களே ஆகும். அச் சில நிமிடங்களுள் துவிச்சக்கர வண்டியில் வருபவர் ஒருவர்மீது மோதிவிட்டால், நட்டத்தை ஈடுசெய்பவர் யார்?

இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் தரப்பினர்க்குரிய காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. பிரித்தானியாவில் இவ்விதி 1930இலேயே சட்டமாயிற்று. ஆயின் இக்காப்புறுதி அடிபட்டவர்க்கே உரியது. நொறுங்கிய வண்டியைத் திருத்த அதிலிருந்து ஒரு சதமும் கிடையாது. அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும்.

முழுக் காப்புறுதியிலும் நிபந்தனைகள் உண்டு. உரிமையாளரின் அனுமதியுடன் ஓட்டும் எவரையும் பத்திரம் ஏற்பின், சாரதி அனுமதிப்பத்திரம் உடைய கொள்வனவாளரும் அதனுள் அடங்குவர். குறித்த சிலர் பெயர்களே காணப்படின், அவர் அடங்கார். தம் சொந்த வண்டியின் காப்புறுதி பிறர் வண்டிக்கும் செல்லும் என எண்ணுவதும் தவறாகலாம்.

ஆகவே, திறப்பைக் கையில் வாங்குமுன் பத்திரத்தை வாங்கிப் படித்தல் நன்று. ஐயமுண்டாயின், காப்புறுதிக் கம்பனியிடம் எழுத்துமூலம் விடை பெறுதல் வேண்டும். அதுவரை உரிமையாளரே ஓட்ட, வாங்குபவர் அருகில் அமர்ந்து வண்டியின் குணங்குறைகளைக் கவனிக்கலாம். விலை தீர்ந்த பின்னரும், பழைய காப்புறுதி தானாகவே தம்மைச் சேரும் என அவர் கருதலாகாது.