பன்னாட்டு அழைப்பு அட்டை

பன்னாட்டு அழைப்பு அட்டை என்பது முன்கூட்டியே பணம் செலுத்தி வாங்கி, அதன் மதிப்பு தீரும் வரை வெளிநாட்டுத் தொலைபேசி எண்களுடன் பேசப் பயன்படும் அட்டை ஆகும். பேச்சு வழக்கில் இது காலிங் கார்டு எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும் வீட்டுக்குப் பேச இவ்வட்டைகளையே பெரிதும் நம்பியிருந்தனர். இந்திய மளிகைக் கடைகளில் 2, 5, 10 டாலர் போன்ற மதிப்புகளில் இவை விற்கப்பட்டன. இணையத்தில் வாங்கியோருக்கு அட்டை கைக்கு வராது. எண்கள் மட்டும் மின்னஞ்சலில் வந்து சேரும்.

செயற்படும் முறை

1976 இல் இத்தாலியில் அறிமுகமான பொதுத் தொலைபேசி அட்டையில் பணமதிப்பு அட்டையின் காந்தப் பட்டையிலேயே பதியப்பட்டிருந்தது. அழைப்பு அட்டை அத்தகையது அன்று. இதில் அட்டை வெறும் தாள். மதிப்பு நிறுவனத்தின் கணினியில் உள்ளது. அட்டையின் பின்புறம் சுரண்டினால் தெரியும் இரகசிய எண்ணே அக்கணக்கின் திறவுகோல். எண்ணை வேறொருவர் பார்த்துவிட்டால் அட்டை தொலைந்ததற்குச் சமம்.

பயனர் முதலில் கட்டணமில்லா அணுகல் எண்ணையும், பின்னர் இரகசிய எண்ணையும், இறுதியாக 011, 91 ஆகிய குறியீடுகளுடன் வீட்டு எண்ணையும் அழுத்த வேண்டும். இரகசிய எண் 10 இலக்கம் எனில் மொத்தம் 36 இலக்கங்கள் ஆகும். இடையில் ஒன்று தவறினாலும் மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியதுதான். இதன் பொருட்டே, அழைப்பவரின் தொலைபேசி எண்ணைக் கொண்டு கணக்கை அடையாளம் காணும் சேவைகள் பின்னர் வந்தன. எண்கள் சரியாக இருந்தால் கணினி மீதமுள்ள நிமிடங்களை அறிவித்து அழைப்பை இணைக்கும். மதிப்பு தீர்ந்ததும் பேச்சின் நடுவிலேயே துண்டித்துவிடும்.

கட்டணக் கணக்கு

சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருந்த நிமிடக் கட்டணம் உண்மைச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. இணைப்புக் கட்டணம், வாராந்தரப் பராமரிப்புக் கட்டணம், நேரத்தை மூன்று மூன்று நிமிடங்களாக மேல்நோக்கி முழுமையாக்கல் ஆகியவை சிறிய எழுத்தில் இருக்கும். பொதுத் தொலைபேசியிலிருந்து அழைத்தால் மேலும் ஒரு கட்டணம் உண்டு. கட்டணமில்லா எண்ணுக்குச் செல்லும் அழைப்புக்காகவும் பொதுத் தொலைபேசி உரிமையாளருக்கு ஈடு தரவேண்டும் என்பது அமெரிக்க விதி. 2004 இல் இத்தொகை அழைப்புக்கு 49.4 சென்ட் என உயர்த்தப்பட்டது. அட்டை நிறுவனங்கள் இதை வாடிக்கையாளரிடமே கழித்துக்கொண்டன.

எடுத்துக்காட்டாக, 5 டாலர் அட்டை ஒன்றின் நிமிடக் கட்டணம் 4 சென்ட் என்று கொள்வோம். விளம்பரப்படி இது 125 நிமிடம். இணைப்புக் கட்டணம் 50 சென்ட். நேரம் மூன்று நிமிடக் கூறுகளாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு மாணவர் ஒவ்வொரு முறையும் 4 நிமிடம் பேசினால் அது 6 நிமிடமாகக் கொள்ளப்பட்டு 24 சென்ட், இணைப்புக்கு 50 சென்ட், ஆக 74 சென்ட் கழியும். ஆறு அழைப்புகளில் 4.44 டாலர் தீர்ந்துவிடும். எஞ்சும் 56 சென்ட் ஏழாவது அழைப்பின் முதல் மூன்று நிமிடங்களுக்குக்கூடப் போதாது. கிடைத்தது 24 நிமிடம். அதே அட்டையில் ஒரே அழைப்பாகப் பேசினால் 111 நிமிடம் கிடைக்கும். அடிக்கடி சிறிது நேரம் பேசுவோரைவிட, வாரம் ஒருமுறை நெடுநேரம் பேசுவோருக்கே இவ்வட்டைகள் ஏற்றவையாக இருந்தன. சிறிது நேரம் மட்டும் பேசுவோர், நிமிடக் கட்டணம் கூடுதலாயினும் இணைப்புக் கட்டணம் இல்லாத அட்டையை வாங்குவதே மலிவு.

சிறிய எழுத்தில்கூடச் சொல்லாமல் கழித்த நிறுவனங்களும் இருந்தன. 2008 இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் தொடுத்த ஒரு வழக்கில், சோதிக்கப்பட்ட அட்டைகள் வாக்களித்த நிமிடங்களில் சராசரியாக ஏறத்தாழ பாதியையே தந்தது தெரியவந்தது. 2011 இல் கூட்டரசு தகவல்தொடர்பு ஆணையம் நான்கு நிறுவனங்களுக்குத் தலா 50 இலட்சம் டாலர் அபராதம் விதிக்க முன்மொழிந்தது.

இந்தியப் பக்கத்துக் கட்டணம்

அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பேசுவதைவிட இந்தியாவுக்குப் பேசுவது நெடுங்காலம் விலை கூடுதலாக இருந்ததற்குத் தொலைவு காரணம் அன்று. 2002 மார்ச் வரை இந்தியாவின் பன்னாட்டுத் தொலைபேசிச் சேவை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தது. அது நீங்கிய பின்னரும், ஊரகத் தொலைபேசிகளின் இழப்பை ஈடுசெய்ய 2003 முதல் அணுகல் பற்றாக்குறைக் கட்டணம் என்ற ஒன்று விதிக்கப்பட்டது. 2005 பிப்ரவரியில் இந்தியாவுக்குள் வரும் பன்னாட்டு அழைப்புக்கு இது நிமிடத்திற்கு 3.25 ரூபாய், அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 7 சென்ட். பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2008 செப்டம்பர் இறுதியுடன் முடிவுக்கு வந்தது.

ஆகவே 2005 இல் ஓர் அட்டை 7 சென்டுக்கும் குறைவான விலையைக் காட்டியிருந்தால், அவ்விடைவெளி வேறெங்கோ நிரப்பப்பட்டாக வேண்டும். ஒரு வழி மேற்சொன்ன மறைகட்டணங்கள். மற்றொன்று சட்டத்திற்குப் புறம்பானது: அழைப்பை இணையம் வழியாக இந்தியாவுக்குள் கொண்டுவந்து, உள்ளூர் இணைப்பு ஒன்றிலிருந்து புறப்படும் அழைப்பைப் போல மாற்றிவிடுதல். வெளிநாட்டிலிருந்து மகன் பேசும்போது வீட்டுத் தொலைபேசியில் முன்பின் தெரியாத உள்ளூர் எண் தோன்றியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அந்த எண்ணைத் திரும்ப அழைத்தால் மகன் கிடைக்கமாட்டார்.

இணைய அழைப்புகள்

2003 ஆகத்தில் வெளியான ஸ்கைப் கணினிக்குக் கணினி இலவசமாகப் பேச வழிசெய்தது. ஆனால் வீட்டிலும் கணினியும் நல்ல இணைய இணைப்பும் இருந்தாலன்றி அதனால் பயனில்லை. எனவே அட்டைகளின் தேவை உடனே குறைந்துவிடவில்லை. வாட்சப்பில் 2015 இல் குரல் அழைப்பும் 2016 நவம்பரில் நிகழ்பட அழைப்பும் வந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதைத் தொடர்ந்து இந்தியாவில் கைப்பேசி இணையத்தின் விலை வெகுவாகச் சரிந்தது. அட்டைகளின் தேவையும் அவ்வாறே. ஸ்கைப் 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.

இணையம் இல்லாத தரைவழித் தொலைபேசிக்கோ வங்கி போன்ற அலுவலக எண்ணுக்கோ பேசுவதற்கு மட்டும் முன்பணக் கணக்குகள் இன்றும் பயன்படுகின்றன. அவற்றுள் பல அட்டை வடிவை விட்டுக் கைப்பேசிச் செயலிகளாகிவிட்டன.