‘கதைக்குத் தேவைப்பட்டது!’ - கேம் நாயகிகளின் உடைக்கு மட்டும் ஏன் இத்தனை காரணங்கள்?

தமிழ் சினிமா பேட்டிகளில் பல வருஷமாகக் கேட்டுப் பழகிய வசனம் ஒன்று உண்டு. ‘கதைக்குத் தேவைப்பட்டது, அதனால்தான் கவர்ச்சியா நடிச்சேன்!’ வீடியோ கேம் உலகத்திலும் இதே வசனம் ஓடுகிறது. அங்கே அதைச் சொல்வது டிசைனர்.

2013-ல் ‘மெட்டல் கியர் சாலிட் 5’ கேமின் ‘குவைட்’ கேரக்டர் அறிமுகமானது. குவைட் ஒரு ஸ்னைப்பர். போர்க்களத்தில் சுற்றியிருக்கும் ஆண்கள் எல்லாம் பூட்ஸ், யூனிஃபார்ம் என முழுசாக உடுத்தியிருக்க, இவருக்கு மட்டும் பிகினி டாப், கிழிந்த டைட்ஸ். விமர்சனம் கிளம்பியதும், கேமை உருவாக்கிய ஜப்பானின் ஹிடியோ கோஜிமா ட்விட்டரில் பதில் சொன்னார். இதற்கு ஒரு ரகசியக் காரணம் இருக்கிறது, அது தெரிந்தால் விமர்சித்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்பது அதன் சாரம்.

2015-ல் கேம் வந்தது. காரணமும் தெரிந்தது. ஒட்டுண்ணி சிகிச்சையால் குவைட் தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறாராம், தண்ணீர் குடிப்பதும் அப்படியேதானாம். உடம்பை மூடினால் மூச்சு முட்டிவிடும். அதனால் மழையில் நனைந்து ஆடும் ஒரு காட்சியும் உண்டு!

சரி, நம்பலாம் என்று பார்த்தால், இதே சீரிஸில் 2004-ல் வந்த ‘ஸ்னேக் ஈட்டர்’ கேமில் ‘தி எண்ட்’ என்று இன்னொரு ஸ்னைப்பர் இருக்கிறார். நூறு வயதைத் தாண்டிய தாத்தா. செடி மாதிரி ஒளிச்சேர்க்கை செய்து சக்தி எடுத்துக்கொள்பவர். அவர் மிலிட்டரி உடையில்தான் வருகிறார். தாத்தாவுக்கு மூச்சு முட்டவில்லை.

குவைட்டின் உடையை முதலில் முடிவு செய்துவிட்டு, காரணத்தைப் பிறகு எழுதினார்கள் என்றுதான் இதைப் பார்த்தால் தோன்றுகிறது.

லாராவை உருவாக்கியவரே வெளியேறினார்

இது புதிய பழக்கம் இல்லை. 1986-ல் வந்த நின்டெண்டோவின் ‘மெட்ராய்டு’ கேமில் கவசத்துக்குள் இருக்கும் ஹீரோ சாமஸ் ஒரு பெண் என்பதே க்ளைமாக்ஸ் ட்விஸ்ட். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் கேமை எவ்வளவு வேகமாக முடிக்கிறீர்களோ, சாமஸின் உடை அவ்வளவு குறையும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினி. விளையாட்டில் ஜெயித்தவருக்குப் பரிசு அதுதான்!

1996-ல் இங்கிலாந்தின் கோர் டிசைன் நிறுவனத்திலிருந்து ‘டோம்ப் ரைடர்’ வந்தது. டோபி கார்டு முதலில் வரைந்தது ஓர் ஆண் ஹீரோவை. இண்டியானா ஜோன்ஸ் சாயல் அதிகமாக இருந்ததால் அது கைவிடப்பட்டு, லாரா கிராஃப்ட் பிறந்தார். கேம் ஹிட்டானதும் மார்க்கெட்டிங் டீம் லாராவைக் கவர்ச்சிப் பொம்மையாகவே விற்க ஆரம்பித்தது. கேமுக்குள் குகை ஏறி, புதிர் அவிழ்த்து, ஓநாய்களைச் சுடுகிற அதே பெண்தான் விளம்பரங்களில் வேறு ஆளாக நின்றார். தன் கேரக்டர் தன் கையை விட்டுப் போனதில் அதிருப்தியடைந்த கார்டு, 1997-லேயே நிறுவனத்திலிருந்து விலகிவிட்டார்.

‘ஆம்பள கேரக்டர் மட்டும் சட்டை போட்டா திரியுது?’ என்று கேட்பவர்கள் ‘காட் ஆஃப் வார்’ க்ரேடோஸைக் காட்டுவார்கள். நியாயமான கேள்விதான். க்ரேடோஸின் வெற்றுடம்பைப் பார்ப்பவர், ‘நானும் இப்படி இருந்தா...’ என்று நினைத்துக்கொள்கிறார். குவைட்டைப் பார்க்கும்போது, அவராக மாற வேண்டும் என்று யாரும் நினைப்பதற்காக அந்த உடம்பு வரையப்படவில்லை. கேமரா எங்கே போய் நிற்கிறது என்று கவனித்தால் வித்தியாசம் புரிந்துவிடும். இன்னொன்று, 2005-ல் அறிமுகமான க்ரேடோஸ் 2018-ல் தாடி வைத்த அப்பாவாகத் திரும்பி வந்தார். வயதாவதற்கு அவருக்கு அனுமதி உண்டு.

கவர்ச்சியே கூடாது என்று அர்த்தமில்லை. 2009-ல் வந்த ‘பயனெட்டா’வின் நாயகியை வடிவமைத்தது மாரி ஷிமாசாகி என்ற பெண்தான். பெண் கேமர்களிலேயே பயனெட்டாவைக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள், முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

‘வேலை டபுள் ஆகும், விற்காது!’

உடைக்குக் காரணம் சொல்வது ஒரு வகை என்றால், பெண் கேரக்டரே இல்லாததற்குக் காரணம் சொல்வது இன்னொரு வகை. ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’யில் நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம், நான்கு பேரும் ஆண்கள். ஏன் என்று 2014-ல் கேட்டபோது, பெண் என்றால் அனிமேஷன், குரல் என்று எல்லாமே இரண்டு மடங்கு வேலையாகும் என்றது யுபிசாஃப்ட் தரப்பு. இந்த சீரிஸில் முன்பு வேலை பார்த்த அனிமேட்டர் ஜோனத்தன் கூப்பர், இது ஒன்றிரண்டு நாள் வேலை என்று ட்வீட் போட்டு அந்தக் காரணத்தின் காற்றைப் பிடுங்கினார்.

2018-ல் வந்த ‘ஒடிஸி’யில் கஸாண்ட்ரா, அலெக்சியோஸ் என்ற அக்கா தம்பியில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். முன்னேற்றம்தான். ஆனால் 2020-ல் ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தியின்படி, முதல் திட்டத்தில் கஸாண்ட்ரா மட்டுமே ஹீரோ. பெண் ஹீரோ விற்காது என்று மேலிடத்தில் சொல்லப்பட்டதால்தான் தம்பியும் சேர்க்கப்பட்டார். முன்னட்டையில் நின்றதும் தம்பிதான்.

விற்காதா? அதற்கு முந்தைய வருடம், 2017-ல், ஏலோய் என்ற பெண்ணை மட்டுமே வைத்து வந்த ‘ஹொரைசன் ஜீரோ டான்’ 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

கன்னத்தில் பூனைமுடி

அதே ஏலோய் அடுத்த பாகத்தின் டிரெய்லரில் வந்தபோது, அவர் கன்னத்தில் பூனைமுடி தெரிகிறது, முகம் உப்பியிருக்கிறது என்று இணையத்தில் ஒரு கூட்டம் சண்டைக்கு வந்தது. பூனைமுடி எல்லோர் முகத்திலும் இருப்பது, பாஸ்! 2020-ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’வில் கட்டுமஸ்தான தோள்களோடு வந்த ஆபிக்கு நடந்தது இதைவிட மோசம். கதையில் அவர் செய்ததும், பெண்ணுக்கு இப்படி உடம்பா என்ற எரிச்சலும் சேர்ந்துகொள்ள, அவருக்குக் குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லிக்கே கொலை மிரட்டல்கள் வந்தன. கற்பனைக் கேரக்டரின் மீதான கோபம் நிஜப் பெண்ணின் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

மொபைல் பக்கம் வந்தால், கதை, மூச்சுத்திணறல் என்றெல்லாம் சுற்றி வளைப்பதில்லை. தென் கொரியாவின் ஷிஃப்ட் அப் நிறுவனம் உருவாக்கி, 2022-ல் வெளிவந்த ‘நிக்கே’ ஒரு ஷூட்டிங் கேம். எதிரி முன்னால் இருக்கிறான். நமக்குத் திரையில் தெரிவது, சுடும் பெண்களின் பின்பக்கம். கேம் இலவசம், புது கேரக்டரையும் காஸ்ட்யூமையும் வைத்துத்தான் வசூல். அதே நிறுவனம் 2024 ஏப்ரலில் ‘ஸ்டெல்லார் ப்ளேடு’ கேமைக் கொண்டுவந்தது. கவர்ச்சி பற்றிய விவாதம் இணையத்தில் சூடாக ஓடியது, விற்பனையும் ஓடியது. ஜூலையில் ஷிஃப்ட் அப், கொரியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.