கேசரிப் பருப்பும் நரம்பணுவும்

பஞ்ச காலத்தில் கேசரிப் பருப்பையே மாதக்கணக்கில் உண்டு வாழ்ந்தோருள் சிலருக்குக் கால்கள் விறைத்து முடமாகும் நோய் உண்டாகிறது. அப்பருப்பிலுள்ள நச்சு அமினோ அமிலமே இதற்குக் காரணம்.

அந்நச்சு நரம்பணுவினுள் இயங்கும் முறையை ஆராய்ந்தவர்களுள் டாக்டர் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குறிப்பிடத்தக்கவர். 1990-களில் பெங்களூரில் அவர் குழுவினர் சுண்டெலிகளைக் கொண்டு சோதனைகள் நடத்தினர். தசை இயக்கத்தை ஆளும் மூளைப் பகுதியில், உயிரணுவுக்கு ஆற்றல் அளிக்கும் மைட்டோகாண்டிரியாவின் முதல் நொதித்தொகுதி செயல் குன்றுவது புலனாயிற்று. 1996-ல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிட்டியது. பின்னர் அவர் மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநராயிருந்தபோது, பெண் சுண்டெலிகள் இந்நச்சினைப் பெரிதும் தாங்குவது ஆராயப்பட்டது. மனிதருள்ளும் ஆண்களே இந்நோய்க்கு மிகுதியாக ஆளாகின்றனர்.

மாண்ட நரம்பணு மீள்வதில்லை. ஆதலின் தடுப்பே மருந்தாகும். பருப்பை மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் நச்சு குறையும். ஆயினும் அதனையே முழு உணவாகக் கொள்ளலாகாது.