கொடுக்கத் தெரிந்த ஊருக்குக் கேட்கத் தெரியுமா?

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரைக்கும் உள்ள எந்த அரச வைத்தியசாலைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது பெயர்ப்பலகைகள்தான். தண்ணீர் வடிகட்டியில் ஒரு பெயர். நோயாளர் குந்தியிருக்கும் வாங்கின் முதுகில் ஒரு பெயர். மின்விசிறியின் இதழில்கூட ஒரு பெயர். இன்னாரின் ஞாபகார்த்தமாக, இன்ன வெளிநாட்டு வாழ் சகோதரர்களின் அன்பளிப்பாக என்று எழுதியிருக்கும். கொடுப்பதில் எங்கள் ஊர்களை மிஞ்ச ஆளில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இந்த மாதம் எந்தெந்த மருந்து இல்லை, ஏன் இல்லை, எப்போது வரும் என்று எழுதிய பலகை ஒன்றைக் காண்பது அரிது. அப்படி எழுதுங்கள் என்று கேட்ட ஊர் அமைப்பைக் காண்பது அதைவிட அரிது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பலகையைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவில் நான் செயலாளராக இருந்தேன். ஊரின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் இங்கு தேவையில்லை. கூட்ட அறிக்கைகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வந்தேன். ஒரு வருட அறிக்கைகளைப் பின்னர் புரட்டிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. மதிலுக்கு வர்ணம், தரைக்கு மாபிள், வாகனத் தரிப்பிடத்துக்குக் கூரை, மாறிப்போகும் டொக்டருக்குப் பிரியாவிடை. மருந்து என்ற சொல் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது.

அந்த ஒரு இடமும் ஒரு மாமியால் வந்தது. சீனி வருத்தக்காரி. ஜும்ஆ முடிந்து வரும்போது ஒழுங்கை முனையில் கிளினிக் கொப்பியோடு நின்றிருந்தார்.

"சேர், நீங்க கொமிட்டியில இரிக்கியள்தானே? இந்தக் குளிசய மூணு மாசமா வெளியிலதான் வாங்குறன். என்னெண்டு கேட்டுச் சொல்லுங்களன்."

அடுத்த கூட்டத்தில் கேட்டேன். மூத்த அங்கத்தவர் ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்: "சேர், அது நிருவாக விசயம். நாம உதவி செய்யத்தான் வந்தம், குறை புடிக்க வரல்ல." நான் உட்கார்ந்துவிட்டேன். காசில்லாத நாட்களில் அந்த மாமி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளிசை குடித்திருக்கிறார். அடுத்த வருடம் காலில் புண் வந்து பெருவிரலை எடுத்தார்கள். குளிசை இல்லாததுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நான் வைத்தியன் அல்லன். ஆனால் கேட்டுச் சொல்லும்படி அவர் ஒப்படைத்த கேள்வியைப் பாதியில் கைவிட்டவன் நான்.

உதவி செய்வது வேறு, மேற்பார்வை செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை நாம் விளங்கிக்கொள்ளவில்லை என்பதே என் எண்ணம். மேற்பார்வை என்றால் டொக்டருக்கு வைத்தியம் சொல்லிக் கொடுப்பதல்ல. எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் சேவை சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது, நடக்காவிட்டால் காரணம் கேட்பது, அந்தக் காரணம் மேலிடத்தில் இருந்தால் அதை மேலிடத்துக்கு எடுத்துச் செல்வது.

இது புதிதாக வந்த எண்ணமுமல்ல. இலங்கையின் சுகாதாரத் துறையை ஒழுங்கமைத்த 1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டத்திலேயே பிராந்திய வைத்தியசாலைச் சபைகள், வைத்தியசாலைக் குழுக்கள் என்பவற்றுக்கு இடம் வைக்கப்பட்டிருந்தது. எழுபது வருடங்களுக்கு மேலாகியும் குழு என்றால் நன்கொடை திரட்டும் குழு என்ற அளவிலேயே நாம் நிற்கிறோம்.

கேள்வி கேட்பதற்கு முன் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். எங்கள் நாட்டில் சுகாதாரத்துக்கு இரண்டு கைகள். ஒன்று நோய் வந்தபின் பார்ப்பது: ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவு, பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை என்று அது மேலே போகும். மற்றது நோய் வராமல் பார்ப்பது: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதன் கீழ் வீடு வீடாக வரும் மருத்துவமாது, டெங்குக் குடம்பி தேடி வரும் பீ.எச்.ஐ. இந்த இரண்டாவது கை 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கைக்கு உலகில் கிடைத்த நற்பெயரில் பெரும் பங்கு அதற்குரியது.

13ஆவது திருத்தத்துக்குப் பின் பெரிய வைத்தியசாலைகள் சில மத்திய அமைச்சின் கீழும் மற்றவை மாகாணத்தின் கீழும் வந்தன. அட்டாளைச்சேனை உட்பட எங்கள் கரையோரம் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பொறுப்பில் உள்ளது. மருந்து கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து பிராந்தியக் களஞ்சியத்துக்கும் அங்கிருந்து வைத்தியசாலைக்கும் வருகிறது. அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்ற மதிப்பீடு கீழிருந்து மேலே போகிறது. ஆகவே குளிசை இல்லை என்றால் நாட்டிலேயே இல்லாமல் இருக்கலாம். 2022இல் டொலர் இல்லாமல் அதைத்தான் கண்டோம். களஞ்சியத்தில் இருந்தும் வாகனம் போகாமல் இருக்கலாம். மதிப்பீடு குறைவாக எழுதப்பட்டிருக்கலாம். மூன்றுக்கும் மூன்று பதில். மூன்றையும் சொல்லவேண்டியவர்கள் மூன்று பேர். ஜன்னலுக்குள் நின்று மருந்து கொடுப்பவரை ஏசுவதால் இந்த மூன்றில் ஒன்றும் தீராது.

மாகாணத்தின் சுகாதாரத்தைக் கேள்வி கேட்க மாகாண சபை இருக்கிறதே என்பீர்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஆளுநரின் கீழேயே நிருவாகம் நடக்கிறது. நாங்கள் தெரிவு செய்த ஒருவர் எழுந்து நின்று எங்கள் வைத்தியசாலையைப் பற்றிக் கேட்கக்கூடிய மாகாண மன்றம் அன்றிலிருந்து இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஊர்க் குழுவின் பொறுப்புக் கூடுகிறது.

வெளியுலகில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். தமது சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று 1978இல் அல்மா ஆட்டாப் பிரகடனம் சொன்னது. பிரேசில் 1990இல் இதைச் சட்டமாக்கி, சுகாதார சபைகளில் பாதி ஆசனங்களைச் சேவை பெறும் மக்களுக்கு ஒதுக்கியது. இந்தியாவில் தேசிய கிராமிய சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007 முதல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் சமூகக் கண்காணிப்பைப் பரீட்சித்தார்கள். கிராம மக்களே தங்கள் சுகாதார நிலையத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று புள்ளி அட்டை போட்டார்கள். அதை வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு பொது விசாரணை நடந்தது.

உகண்டாவில் ஐம்பது சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பாதி நிலையங்களில் ஊர் மக்களையும் ஊழியர்களையும் உட்காரவைத்து, சேவை பற்றிய தரவுகளைக் கையில் கொடுத்து, என்ன திருத்துவது என்று ஒரு உடன்பாட்டை எழுதவைத்தார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009இல் வெளியான முடிவு சொன்னது. பின்னர் அதே நாட்டில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது சிகிச்சைத் தரமும் நோயாளர் திருப்தியும் சற்றுக் கூடின, மரணம் குறையவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். மேற்பார்வை மந்திரமல்ல. மருந்தும் ஆளும் மேலிருந்து வராத இடத்தில் கேள்வியால் மட்டும் நோய் குணமாகாது. ஆனால் இருப்பதை ஒழுங்காக நடத்தக் கேள்வி உதவும்.

எங்கள் பாரம்பரியத்திலும் இதற்கு வேர் இருக்கிறது. ஹிஸ்பா என்ற நிறுவனம் சந்தைத் தராசை மட்டும் பார்க்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரி எழுதிய முஹ்தஸிப்களுக்கான கைநூலில் வைத்தியர், மருந்து விற்போர், இரத்தம் குத்தி எடுப்போர் எல்லோரையும் எப்படிக் கண்காணிப்பது என்று தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய வைத்தியசாலை வக்பு சொத்தில் நடந்தது. வக்பு என்றால் கொடுத்ததோடு முடிவதில்லை. சொன்ன நோக்கத்துக்குச் செலவாகிறதா என்று பார்க்க ஒரு நாழிரும் வேண்டும். தமது காரியங்களைத் தமக்குள் கலந்தாலோசித்துச் செய்பவர்களை அஷ்ஷூரா அத்தியாயம் புகழ்கிறது. இவ்வளவு தூரம் போவானேன்? குடிக்கு ஒரு மரைக்கார் வைத்து, பள்ளிவாசல் கணக்கைக் குடிகளின் முன் வைக்கும் வழக்கம் எங்கள் கரையோரத்துக்குச் சொந்தமானதுதானே. பள்ளிக் கணக்கைக் கேட்கக் கூச்சப்படாத நாம் ஆஸ்பத்திரிக் கணக்கைக் கேட்க ஏன் கூச்சப்படுகிறோம்?

கேட்கப்படாத சமூகத்துக்கு என்ன நடக்கும் என்பதையும் அனுபவித்துவிட்டோம். 2020இல் கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயம் எரிக்கவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. இருந்தும் 2021 பெப்ரவரி வரை அந்த முடிவு மாறவில்லை. மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கு அது எதைத் திருப்பிக் கொடுக்கும்? அந்தக் காலத்திலேயே, 2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணியால் எங்கள் பகுதி தனிமைப்படுத்தப்பட்டபோது, சுகாதார அறிவித்தலைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. சுகாதாரத் துறைக்கு எங்கள் ஒத்துழைப்புத் தேவைப்பட்டது, கொடுத்தோம். எங்கள் குரலுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலாவது, குழுவில் பெண்கள் வேண்டும். கிளினிக் நாளில் போய்ப் பாருங்கள்; வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் உம்மாமாரும் மூத்தம்மாமாரும்தான். குழுவின் படத்தைப் பாருங்கள், எல்லோரும் ஆண்கள். மலசலகூடத்துக்குக் கதவில்லை என்பது எங்கள் கொப்பியில் ஒருநாளும் ஏறாததற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, முறைப்பாட்டை எண்ணிக்கையாக்க வேண்டும். "மருந்தே இல்ல" என்று சொன்னால் மறுப்பது சுகம். வெளியில் வாங்கச் சொல்லி எழுதிய துண்டுகளை மூன்று மாதம் சேர்த்து, நோயாளியின் பெயரை மறைத்து, எந்த மருந்து எத்தனை தடவை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் மறுப்பது கஷ்டம். நல்ல பொறுப்பதிகாரிக்கு அந்தப் பட்டியல் உதவியும்கூட. அதைக் காட்டித்தான் அவர் மேலே கேட்கலாம்.

மூன்றாவது, சட்டம் தந்ததைப் பயன்படுத்த வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. ஒருவரின் நோய் விபரத்தை இதன் மூலம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. வெற்றிடங்கள் எத்தனை, மருந்துக் கோரிக்கை எப்போது அனுப்பப்பட்டது, ஒதுக்கிய பணம் எவ்வளவு செலவானது என்பவற்றைக் கேட்கலாம்.

நான்காவது, கேட்டதையும் கிடைத்த பதிலையும் பலகையில் எழுதி ஊருக்குக் காட்டவேண்டும். நல்லது நடந்தால் அதையும் எழுதவேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஓடிவந்த மிஸ்ஸிக்கும் அந்தப் பலகையில் இடம் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேற்பார்வை கட்சி அரசியலின் கைக்குப் போனால், பிடிக்காத அதிகாரியை மாற்றும் ஆயுதமாகிவிடும். வாட்டுக்குள் தொலைபேசியால் படம் பிடித்து ஊழியரை மிரட்டுவது மேற்பார்வையல்ல, அநியாயம். அப்படிச் செய்தால் எங்கள் ஊர்களுக்கு வர டொக்டர்மார் பின்வாங்குவார்கள், நட்டம் எங்களுக்குத்தான்.

அந்த மாமியை அண்மையில் கண்டேன். மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பழைய கேள்வியை அவர் மறந்துவிட்டார் போலும். என் உம்மாவின் சுகம் விசாரித்தார். எனக்கு மறக்கவில்லை. இப்போது வேறொரு குழுவில் இருக்கிறேன், புதிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதன் முதல் பக்கத்தில், வர்ணத்துக்கும் மாபிளுக்கும் முன்னால், இந்த மாதம் இல்லாத மருந்துகள் என்று தலைப்பிட்டுக் கோடு போட்டிருக்கிறேன். இம்முறை யார் என்ன சொன்னாலும் பதில் எழுதும்வரை உட்காருவதில்லை, இன்ஷா அல்லாஹ்.